உள்ளே இரண்டு, வெளியே நாற்பது

சோபனா எங்கள் குடும்பத்துக்கு வாழ வந்து பதினொரு வருடம் ஆகிறது. என் கொழுந்தனார் மகன் முருகேஷுக்குக் கட்டிக்கொடுத்தது. பாப்பாரப்பட்டியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். கொழுந்தனார் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் சம்சாரம் சின்னக்கா, என் ஓரகத்தி, அந்தப் பக்கம் இருக்கிறாள். நானும் என் மகன் கிருஷ்ணப்பனும் இந்தப் பக்கம்.

சோபனா பிறந்தது பாப்பிரெட்டிப்பட்டி. அப்பா வேடியப்பன், என் நாத்தனார் வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட பங்காளி. கம்ப்யூட்டர் படித்த பெண்ணைத் தக்காளி வண்டி ஓட்டுகிற பையனுக்கு ஏன் கொடுக்கிறீர்கள் என்று பெண் பார்க்கப் போன அன்றே நான் கேட்டேன். "பையன் குடிக்க மாட்டான்னு நாலு பேரு சொன்னாங்க, அது போதும்" என்றார் மனுஷன். அந்த நாலு பேரில் நானும் ஒருத்தி என்பது அவருக்கு மறந்துவிட்டது.

கல்யாணத்துக்குப் பிறகு சேலத்தில் ஆறு மாதம் மெடிக்கல் கோடிங் படித்தாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் ஒருத்தர் காய்ச்சலில் படுத்தால், டாக்டர் எழுதின காகிதம் இவளிடம் வரும். படித்துப் பார்த்து, அந்தக் காய்ச்சலுக்கு என்ன நம்பர் என்று போட வேண்டும். கை முறிந்தால் ஒரு நம்பர், வலது கை என்றால் வேறு நம்பர், ஏணியிலிருந்து விழுந்தால் அதற்கும் ஒரு நம்பர். பெங்களூர் கம்பெனி. கொரோனா வந்தபோது வீட்டிலிருந்தே செய்யச் சொன்னார்கள். அப்படியே நின்றுவிட்டது. காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தால் மாலை ஆறு வரை எழ மாட்டாள். சமையல், துணி, மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவது எல்லாம் அதற்கு முன்னும் பின்னும்.

ஆவணி மாதம் முருகேஷ் பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி ஏற்றும்போது வண்டியின் மேலிருந்து விழுந்தான். இடுப்பெலும்பு விட்டுவிட்டது. உள்ளே பிளேட் வைத்து, ஆறு மாதம் அசையாமல் படுக்கச் சொன்னார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அவன் சோபனாவிடம் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"ஏம்மா, நான் வுழுந்ததுக்கும் நம்பரு இருக்குதா?"

"நின்ன வண்டியில இருந்து வுழுந்தா ஒண்ணு, ஓடற வண்டியில இருந்து வுழுந்தா ஒண்ணு."

"தக்காளிப் பெட்டியோட வுழுந்தா?"

"அதுக்கு இன்னும் கண்டுபிடிக்கல. மூடிகிட்டு படுங்க."

சிரித்தார்கள். சிரிப்பு அன்றோடு சரி. அவனை இரண்டு பேர் சேர்ந்தால்தான் புரட்டிப் படுக்க வைக்க முடியும். சின்னக்காவுக்கு மூட்டு வலி. சோபனா வேலைக்கு நடுவில் எழுந்து எழுந்து ஓடுவாள். வண்டி ஓடாததால் அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது.

இந்தத் துன்பத்துக்கு ஒரு மாதம் முன்பே இன்னொன்று தொடங்கியிருந்தது. ஆடி மாதம் கம்பெனி ஒரு புது ஏற்பாடு செய்தது. நோயாளிகளின் காகிதம் யாருடைய சொந்தக் கம்ப்யூட்டரிலும் படக்கூடாது என்று, சோபனாவின் லேப்டாப்புக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை வைத்தார்கள். பெட்டி ஒன்றுதான். ஆனால் ஒரு பட்டனைத் தட்டினால் உள்ளே தனியாக ஒன்று எழுந்திருக்கும். அதற்குத் தனித் திரை, தனிக் கடிகாரம், தனிப் பாஸ்வேர்டு. வர்ச்சுவல் மெஷின் என்று அதற்குப் பெயர். எங்களுக்கு அது உள்கம்ப்யூட்டர்.

"உள்ள இருக்கறதுக்குத் தனியா கரண்டு பில்லு வருமாடி?" என்று சின்னக்கா கேட்டாள்.

"வராதுங்க அத்தை. ஆனா உசுர வாங்குது."

வாங்கத்தான் வாங்கியது. வெளிக்கம்ப்யூட்டரில் நெட் பறக்கும். வேகம் பார்க்கிற பக்கத்தைத் திறந்தால் நாற்பது என்று காட்டும். அதே நாற்காலியில், அதே லேப்டாப்பில், உள்கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தால் இரண்டு. ஒரு காகிதம் திறக்க டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம். மற்ற பெண்கள் ஒரு நாளில் போடுகிற நம்பரில் பாதியைக்கூட இவளால் போட முடியவில்லை. மீதியை ஞாயிற்றுக்கிழமையில் போட்டாள். பிறகு ஞாயிறும் போதவில்லை.

கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் மாதவராஜ் என்று ஒருவர். தன்மையான ஆள். போனிலேயே எல்லாம் சொல்லிக்கொடுப்பார். உள்கம்ப்யூட்டருக்கு நினைவு இடம் பற்றவில்லையோ என்று கூட்டிப் பார்த்தார்கள். வைரஸ் தடுப்பை நிறுத்திப் பார்த்தார்கள். அழித்துவிட்டுப் புதிதாக வைத்தார்கள், அதற்கே ஒரு பகல் போயிற்று. முதல் நாளிலிருந்தே வயர் போட்டுத்தான் வேலை செய்கிறாள். அந்த வயரையும் மாற்றினார்கள். புது வயரிலும் இரண்டு.

"மேடம், உள்ள இருக்கிற மெஷின் உங்க லேப்டாப் வழியா நெட்டுக்குப் போகல. அது பிரிட்ஜ் மோடு. தனி ஆளா நேரா உங்க வீட்டு ரவுட்டருக்குப் போய் நிக்கும். தனிப் பேரு, தனி நம்பரு" என்றார் மாதவராஜ்.

"அப்ப அதை லேப்டாப் வழியாவே போற மாதிரி மாத்திடலாமுங்களா சார்?"

"அந்த செட்டிங்கை கம்பெனி பூட்டி வச்சிருக்கு மேடம். நான் தொட்டா என் வேலை போயிடும். உங்க நெட் ஆளைக் கேளுங்க."

நெட் ஆள் வேறு யாரும் இல்லை. சின்னக்காவின் தங்கை மகன் கதிரவன்தான். கேபிள் டிவி இழுத்துக்கொண்டிருந்தவன், இப்போது ஒகேனக்கல் ரோடு முழுக்க நெட் வயர் இழுக்கிறான். வந்து பார்த்தான். வெளியில் நாற்பது காட்டியது.

"லைன் கண்ணாடி மாதிரி இருக்குதுங்க அண்ணி. உங்க கம்ப்யூட்டருக்குள்ள என்னமோ கோளாறு."

இவர்கள் அவர்களைச் சொன்னார்கள், அவர்கள் இவர்களைச் சொன்னார்கள். நடுவில் இவள் இரண்டு மாதம் அலைந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிற்று. தலை பின்னுவதையே விட்டுவிட்டு ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டு திரிந்தாள்.

ஐப்பசியில் அவள் தம்பி குழந்தைக்குக் காது குத்து. ஒரு நாள் போகாவிட்டால் பேச்சு வரும். லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பஸ் ஏறினாள். சொந்தக்காரர்கள் முன்கட்டில் மொய் எழுதிக்கொண்டிருக்க, இவள் பின்னறையில் தவிட்டு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து திறந்தாள். உள்கம்ப்யூட்டரில் முப்பத்தைந்து காட்டியது. காகிதங்கள் தட்டத் தட்டத் திறந்தன. சாப்பிடக்கூட எழாமல் மாலை வரை வேலை செய்தாள். அத்தை முறை பார்த்துக் குழந்தையை மடியில் வைக்க வேண்டியவள் வரவில்லை என்று அங்கே முணுமுணுப்பு. மறுநாள் இங்கே வந்து திறந்தாள். இரண்டு.

அன்றுதான் அவள் அழுததை நான் பார்த்தேன். கம்ப்யூட்டரும் நல்ல கம்ப்யூட்டர், லைனும் நல்ல லைன், சேர்ந்தால் ஓடவில்லை என்றால் யாரைப் போய்த் திட்டுவது?

கார்த்திகை பிறந்ததும் அவளுடைய மேலதிகாரி பானுமதி போன் செய்தாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் மோசம்.

"சோபனா, என்னால இனிமே தாங்கிப் பிடிக்க முடியல. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மாதவராஜ் உங்க சிஸ்டத்துக்குள்ள வந்து செக் பண்ணுவாரு. உள்ள வேகம் பத்தாவது வரணும். வரலைன்னா திங்கட்கிழமை பெங்களூர் ஆபீஸ்ல வந்து உட்காரணும். ஹாஸ்டல் இருக்கு. முடியாதுன்னா எழுதிக் குடுத்துடுங்க."

பெங்களூருக்குப் போனால் முருகேஷை யார் புரட்டுவது? போகாவிட்டால் எதை வைத்துச் சோறு பொங்குவது? சோபனா "சரிங்க மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து அவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை. முருகேஷ் கட்டிலில் கிடந்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கீரை ஆய்கிற சாக்கில் அங்கேயே இருந்தேன். மதியம் இரண்டு மணிக்கு என் மகன் கிருஷ்ணப்பன் கொல்லையில் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தான். வழக்கம்போல அவர்கள் வீட்டு நிலைப்படியில் சாய்ந்துகொண்டு போனை எடுத்தான். அங்கேதான் அவனுக்கு நெட் கிடைக்கும். எங்கள் வீட்டில் சிக்னலே இல்லை.

"என்ன சோபனா, உங்க வூட்டு நெட்டு இன்னைக்கும் மாட்டு வண்டிதானா? சுத்திகிட்டே கீது."

முருகேஷ் கட்டிலிலிருந்தே பதில் சொன்னான். "ஓசியில பாக்கறதுக்கு உனக்கு ஏரோப்ளேன் வேணுமாடா?"

"புது போனு வாங்கியும் சுத்துதுடா. பழசுலதான் கோளாறுன்னு நெனச்சேன்."

சோபனா திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அவன் கையையே பார்த்தாள்.

"மாமா, அந்த போனைக் கொஞ்சம் குடுங்க."

வாங்கி, வேகம் பார்க்கிற பக்கத்தைத் திறந்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். முள் கொஞ்சம் எழுந்து, அப்படியே நின்றது. இரண்டு.

முருகேஷின் போனை எடுத்தாள். நாற்பது. சின்னக்காவின் போன். நாற்பது. மறுபடி கிருஷ்ணப்பனின் போன். இரண்டு. உள்கம்ப்யூட்டரில் காட்டுகிற அதே இரண்டு.

"மெதுவா வர்றதா இருந்தா ஒரு நேரம் மூணு காட்டணும், ஒரு நேரம் அஞ்சு காட்டணும். எப்பவும் இரண்டுன்னா யாரோ அளந்து வுடறாங்க" என்றாள். எங்களிடம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியாது. உடனே கதிரவனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"கதிரவா, கிருஷ்ணப்பன் மாமா போனுக்கு மட்டும் ஏன் ரெண்டுக்கு மேல ஏற மாட்டேங்குது?"

அந்தப் பக்கம் காற்றுச் சத்தம். கம்பத்தில் நிற்கிறான் போலிருக்கிறது.

"அண்ணி... பெரியம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்காங்க."

"கோவிந்தம்மா பெரியம்மா?"

"அவங்களும்தான் இருக்காங்க" என்று என்னைப் பார்த்தாள்.

"அண்ணி, ஸ்பீக்கர்ல போடாதீங்க."

"போட்டாச்சு. சொல்லு. நாலு மணிக்கு என் வேலை போவப்போவுது."

கதிரவன் சொல்லவில்லை. சொன்னது சின்னக்காதான். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"அவனைக் கேக்காதே. நான்தான் சொன்னேன். பங்குனி திருவிழாவுக்கு இந்த வூட்ல இருபத்தியாறு பேரு வந்தாங்க, ஞாபகம் இருக்குதா? ஆளுக்கு ஒரு போனு. வந்ததும் தண்ணி கேக்கறதுக்கு முன்ன பாஸ்வேர்டு கேக்கறாங்க. மாமன் மச்சான் மொகத்தப் பாத்து இல்லைன்னு சொல்ல முடியுமா? உன் வேலை நின்னுபோயி நீ அடுப்படியில நின்னு அழுதே. அதான் இவன்கிட்ட சொன்னேன். வூட்டு ஆளுங்களுக்கு மட்டும் முழுசா வுடு. மத்தவங்க கேட்டா குடு, ஆனா ஓட வுடாதேன்னு."

கிருஷ்ணப்பன் நிமிர்ந்தான். "அப்ப நான் மத்தவனா சித்தி?"

"திருவிழாவுக்குன்னுதான்டா செஞ்சது. அப்பறம் எடுக்க மறந்துட்டேன்."

"எட்டு மாசமாவா மறந்தீங்க? நான் தர்மபுரி வரைக்கும் போயி புது போனு வாங்கிட்டு வந்தேனே!"

"வாங்கினதும் நல்லதுதான். பழசு கண்ணாடி ஒடஞ்சி வெரல கிழிச்சிகிட்டு இருந்துச்சி."

முருகேஷுக்குச் சிரிப்பு வந்து இடுப்பு வலித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சின்னக்கா பிள்ளைப்பேற்றுக்குப் பத்தியம் வடித்துக் கொட்டினவள் நான். என் வீட்டை விருந்தாளிப் பக்கம் தள்ளியிருக்கிறாள். கீரையைத் தட்டோடு எடுத்துக்கொண்டு எழுந்தேன். ஆனால் போகவில்லை. மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

சோபனா சண்டையைக் காதில் வாங்கவே இல்லை.

"கதிரவா, அந்த உள்கம்ப்யூட்டர் ரவுட்டருக்குத் தனி ஆளா போய் நிக்குதாம். ஆடி மாசம் வந்தது. நீ பங்குனியில எழுதின லிஸ்ட்ல அது எப்படி இருக்கும்? நீ அதையும் விருந்தாளின்னு வச்சிருக்கே."

"அய்யோ அண்ணி! ஒரே பெட்டிதானேன்னு நெனச்சிட்டேன்."

"இப்ப மாத்து."

"நான் ஒகேனக்கல் போற எறக்கத்துல இருக்கேன். இங்க எனக்கு நெட்டு எடுக்காது. நீங்களே பண்ணுங்க, பாஸ்வேர்டு சொல்றேன். யாருக்கும் குடுத்துடாதீங்க, எல்லா வூட்டுக்கும் அதான்."

"அடப்பாவி" என்றான் முருகேஷ்.

கதிரவன் எழுத்து எழுத்தாகச் சொன்னான். நடுவில் இரண்டு தடவை லைன் அறுந்தது. ரவுட்டரின் பக்கம் திறந்தது. மேலே ஐந்து பெயர்: சோபனாவின் லேப்டாப், அவள் போன், முருகேஷ், சின்னக்கா, டிவி. கீழே ஒரு நீண்ட வரிசை. திருவிழாவுக்கு வந்த அத்தனை பேர் போனும் இன்னும் அங்கே இருந்தது. கிருஷ்ணப்பனின் பழைய போன், புதுப் போன், அதற்கு அடுத்து பெயர் இல்லாமல் வெறும் நம்பராக ஒன்று. உள்கம்ப்யூட்டரைத் திறந்து அதன் நம்பரைத் தேடிப் பிடித்தாள். பன்னிரண்டு எழுத்து. நான் எழுத்துக் கூட்டிப் படிப்பவள், எனக்கு இங்கிலீஷ் வராது. கிருஷ்ணப்பன்தான் கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அவள் படிக்கப் படிக்கத் திரையில் விரல் வைத்துச் சரிபார்த்தான்.

"கடைசியா எட்டு, எஃப்."

"எட்டு, எஃப். சரியா கீது. இதான்."

அதை மேல் வரிசைக்கு மாற்றினாள். எல்லாவற்றையும் அணைத்துப் போட்டாள். உள்கம்ப்யூட்டர் எழுந்து வருவதற்குள் மூன்றே முக்கால். வேகம் பார்த்தாள். முள் இரண்டைத் தாண்டி, பத்தைத் தாண்டி, முப்பத்தெட்டில் போய் ஆடி நின்றது.

யாரும் கை தட்டவில்லை. அவள் மேசையில் நெற்றியை வைத்து அப்படியே கொஞ்ச நேரம் கிடந்தாள்.

நாலு மணிக்கு மாதவராஜ் வந்தார். வந்தார் என்றால் அங்கிருந்தபடியே. அம்புக்குறி தானாக நகர்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தது.

"சூப்பர் மேடம். என்ன பண்ணீங்க?"

எங்கள் திருவிழா, இருபத்தியாறு பேர், அத்தைக்குத் தாட்சண்யம், ஓரகத்தி, அவள் மகன். இதை எந்த இடத்திலிருந்து ஆரம்பிப்பது?

"வூட்டு ரவுட்டர்ல ஒரு செட்டிங்குங்க சார்."

"ஓகே. கோளாறு உங்க வீட்டுப் பக்கம்னு போட்டு முடிச்சிடறேன்."

அவர் போட்டது அரை மணியில் பானுமதியிடம் போய்விட்டது. பானுமதி போன் செய்தாள். பெங்களூருக்கு வர வேண்டாம், வீட்டிலேயே செய்யலாம் என்றாள். பிறகு சொன்னாள்: "கோளாறு உங்க வீட்ல இருந்ததால நிலுவையை வேற யாருக்கும் பிரிச்சிக் குடுக்க முடியாது சோபனா. முந்நூத்திப் பன்னெண்டு சார்ட் நிக்குது. ஞாயித்துக்கிழமை சாயந்தரத்துக்குள்ள முடிச்சிடுங்க." சார்ட் என்றால் நோயாளியின் காகிதம். இதற்கும் "சரிங்க மேடம்" என்றாள்.

போனை வைத்துவிட்டு அவள் எழுந்து வந்து கிருஷ்ணப்பனுக்கு முன்னால் நின்றாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

"மாமா, கீழ லிஸ்ட்ல இருக்கற உங்க போனை மேல போட எனக்கு ஒரு நிமிசம் ஆவாது. போட்டா நீங்க வீடியோ பாக்கற நேரம் என் வேலை நிக்கும். அதனால போடல. காலையில ஒம்போதுல இருந்து ஆறு வரைக்கும் வேணாம். ஆறு மணிக்கு மேல நானே தொறந்து வுடறேன். கோவிச்சிக்காதீங்க. கோவிச்சிகிட்டாலும் இதான்."

வாழ வந்த பெண் மூத்த வீட்டு ஆளிடம் இப்படி நேராக முகத்துக்கு எதிரே இல்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை. சின்னக்கா, "ஏய், என்னடி பேச்சு இது" என்றாள்.

"நீங்க மொகம் பாத்துதானுங்க அத்தை நாலு மாசம் நான் இப்படி ஆனேன்."

கிருஷ்ணப்பன் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டான். வீட்டுக்கு வந்து என்னிடம் மட்டும், "கேட்டியாம்மா அவ பேச்ச?" என்றான். கேட்டேன் என்றேன். எனக்கும் வலிக்கத்தான் செய்தது. ஆனால் அந்த நான்கு பேரில் ஒருத்தியாகச் சாட்சி சொல்லி அவளை இங்கே கொண்டுவந்தவள் நான்.

சனிக்கிழமை முழுக்க அவள் லேப்டாப்பை விட்டு எழவில்லை. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி இருக்கும். முருகேஷ் சுவரைத் தட்டி, "பெரியம்மா" என்று கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அவனைப் புரட்ட வேண்டும். சோபனாவை எழுப்ப அவனுக்கு மனசு வரவில்லை. நான் எழுவதற்குள் கிருஷ்ணப்பன் போய்விட்டான். பின்னாலேயே நானும் போனேன். தம்பிக்காரனின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, முதுகைத் துடைத்து, துணி மாற்றி, மறுபக்கம் படுக்க வைத்தான். போன் அவன் சட்டைப் பையில் இருந்தது. எடுக்கவில்லை.

சோபனா காதில் மாட்டியதைக் கழற்றாமல் திரும்பிப் பார்த்தாள். முகம் வீங்கியிருந்தது.

"எத்தனை நிக்குது?" என்றான் கிருஷ்ணப்பன்.

"நூத்தி நாப்பது மாமா."

"பாரு, பாரு. இவனை நான் பாத்துக்கறேன்."

அவள் திரும்பிக்கொண்டாள். திரையில் எந்த நாட்டிலோ எவரோ ஒருவர் படிக்கட்டில் வழுக்கி விழுந்த கதை திறந்திருந்தது. அதற்கான நம்பரைத் தேட ஆரம்பித்தாள்.